வாயைத் திறக்காத பிஸ்கட்: இறைச்சியும் சீஸும் அடைத்துச் சுடும் முறை

என் மகளுக்கு வாரத்தில் 4 நாள் விடியற்காலையில் நீச்சல் பயிற்சி. தண்ணீரை விட்டு ஏறியதும் பள்ளிக்குக் கிளம்ப 20 நிமிடம்தான் இருக்கும். தலையில் ஈரம் சொட்டச் சொட்ட காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் பையைத் துழாவிக்கொண்டே மறு கையால் சாப்பிட வேண்டும். ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எதை வைத்துக் கொடுத்தாலும் பாதி மடியில் விழும். ஸ்பூன் தேவைப்படும் எதுவும் சரிப்படாது. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் அடைத்த பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டேன். இப்போது 3 வருடமாகச் செய்கிறேன். முதல் 6 மாதம் செய்ததை யாருக்கும் காட்ட முடியாது.

பிஸ்கட் என்றதும் டீயில் தொட்டுத் தின்னும் மொறுமொறு வில்லை நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இது அமெரிக்கர்கள், முக்கியமாக அந்நாட்டின் தென் மாநிலத்தவர்கள், பிஸ்கட் என்று சொல்லும் பண்டம். ஈஸ்ட் கிடையாது, பேக்கிங் பவுடரால் உப்பும். வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே ஏடு ஏடாகப் பிரியும் மென்மை. பிஸ்கட் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு 'இருமுறை சுட்டது' என்று பொருள். அமெரிக்க பிஸ்கட்டோ ஒரே முறைதான் ஓவனுக்குள் போகிறது. பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டது போலிருக்கிறது.

வழக்கமாக பிஸ்கட்டைச் சுட்டு, இரண்டாகப் பிளந்து, நடுவில் ஹாமோ (பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி) சாசேஜோ வைத்து சாண்ட்விச் ஆக்குவார்கள். நாம் செய்யப்போவதில் வரிசை தலைகீழ். பச்சை மாவுக்குள்ளேயே இறைச்சியையும் சீஸையும் வைத்து மூடி, அப்புறம் சுடுகிறோம். கையில் எடுத்தால் எதுவும் சிந்தாது. சரியாகச் செய்தால் சிந்தாது என்று சொல்ல வேண்டும்.

இதற்கான சமையல் குறிப்புகளில் மாவைப் பற்றித்தான் நிறைய எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை இந்தப் பண்டத்தைக் கெடுப்பது மாவு இல்லை, தண்ணீர். உள்ளே வைப்பது ஈரமாக இருந்தால், ஓவனில் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போக வழி தேடும். மாவை ஒட்டிய இடம் எங்கே பலவீனமோ அங்கே கிழிக்கும். கிழிந்த வழியே சீஸ் ஒழுகித் தட்டில் கருகும். வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிய ஈரம் அடிமாவை ஊறவைத்துப் பசையாக்கும். என் முதல் தட்டில் 8 வைத்தேன். எட்டும் வாயைப் பிளந்தன. சீஸ் தட்டின் ஓரத்தைத் தாண்டி ஓவனின் அடியில் சொட்டி, புகை எச்சரிக்கைக் கருவி அலறி, வீடே எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டது. மகள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல சாண்ட்விச் வெளியில இருக்கு" என்றாள்.

அதனால் மாவை அப்புறம் பார்ப்போம். முதலில் உள்ளே போகும் சமாச்சாரம்.

இறைச்சி

ஒரு பிஸ்கட்டுக்கு இறைச்சி 20 கிராம், சீஸ் 15 கிராம் போதும். எட்டுக்குக் கணக்குப் போட்டால் 160 கிராமும் 120 கிராமும். பார்க்க ரொம்பக் குறைவாகத் தெரியும். "இன்னும் கொஞ்சம் வைத்தால் என்ன" என்று கை போகும். வைக்காதீர்கள். மாவை இழுத்து மூடும்போதுதான் அந்தக் 'கொஞ்சத்தின்' விலை தெரியும்.

எந்த இறைச்சியானாலும் 3 விதி: முன்பே முழுதாக வெந்திருக்க வேண்டும், ஈரம் போயிருக்க வேண்டும், நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிஸ்கட் ஓவனில் இருப்பது 20 நிமிடம் சொச்சம். அது மாவு வேகப் போதுமான நேரம். நடுவில் பச்சை இறைச்சி இருந்தால் அது எவ்வளவு வெந்தது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. வேக வைக்கும்போதே வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிடுங்கள். அரைத்த ஆடு, மாடு, பன்றி இறைச்சி என்றால் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74 டிகிரி. அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் அளவு இதுதான்.

சுலபமானது ஹாம். ஏற்கெனவே வெந்தது, மெல்லிய தாளாகக் கிடைக்கும். ஆனால் பாக்கெட் ஹாமில் உப்பு நீர் ஏற்றியிருப்பார்கள்; பிரித்ததும் விரலில் வழுவழுப்பாக ஒட்டுவது அதுதான். தாள்களைச் சமையலறைக் காகிதத்தில் பரப்பி, மேலே இன்னொரு காகிதம் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். காகிதம் நனைந்துவிடும். வேறு காகிதம் மாற்றி மறுபடி ஒரு முறை. 2 நிமிட வேலை. இதைச் செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் உள்ள வித்தியாசம் பிஸ்கட்டைத் திருப்பி அடியைப் பார்த்தாலே தெரியும்.

கொத்துக்கறி என்றால் அகலமான வாணலி எடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய பாத்திரத்தில் போட்டால் கறி தன் நீரிலேயே வெந்துகொண்டிருக்கும், சிவக்காது. பொடியாக நறுக்கிய வெங்காயம், 2 பல் பூண்டு, உப்பு, மிளகு. இவ்வளவு போதும். முதலில் நீர் விடும், பிறகு அந்த நீர் வற்றும், அப்புறம்தான் 'சர்' என்ற ஓசை மாறிக் கொழுப்பில் வறுபடும் 'பட பட' ஓசை வரும். அந்த ஓசைக்குப் பிறகும் 3 நிமிடம் விடுங்கள். வாணலியைச் சாய்த்து வைத்துக் கறியை மேல்பக்கமாக ஒதுக்கினால் கொழுப்பு கீழே இறங்கும். அதை வழித்து எடுத்துவிடலாம். கடைசியில் ஒரு மேசைக்கரண்டி கிரீம் சீஸ் சேர்த்துக் கிளறினால் உதிரியான கறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். உருட்டி வைக்கலாம், கடிக்கும்போது பொலபொலவென்று உதிராது. தக்காளி சாஸ், பார்பிக்யூ சாஸ் எல்லாம் உள்ளே ஊற்றாதீர்கள். வேண்டுமென்றால் பக்கத்தில் தொட்டுக்கொள்ளுங்கள். கடுகு சாஸை மட்டும் மாவின் நடுவில் ஒரு தேய்ப்புத் தேய்க்கலாம்; ஹாமுக்கு அது நல்ல ஜோடி.

நேற்றைய ரோஸ்ட் கோழி மீந்திருந்தால் பொடியாகப் பிய்த்துப் போடலாம். நாராக நீளமாக விட்டால் கடிக்கும்போது மொத்தக் கறியும் ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும், மிச்சம் வெறும் மாவு. சாசேஜைத் தோலுரித்து உதிர்த்து வறுத்துக்கொள்ளுங்கள். பேக்கனை (உப்பிட்ட பன்றிக்கறித் தாள்) நன்றாக மொறுமொறுவென்று வறுத்து நொறுக்கிப் போடுங்கள். அரைகுறையாக வறுத்தால் மிச்சக் கொழுப்பு மாவில் இறங்கும்.

ஆறுவது பற்றி ஒரு வார்த்தை. ஒருநாள் அவசரத்தில் கொத்துக்கறியை வெதுவெதுப்பாகவே மாவில் வைத்தேன். மூடிக்கொண்டிருக்கும்போதே கைக்கடியில் மாவு மினுமினுக்க ஆரம்பித்தது. உள்ளேயிருந்த வெண்ணெய் உருகிவிட்டது. பிஸ்கட்டின் ஏடுகள் உருவாவதே குளிர்ந்த வெண்ணெய்த் துணுக்குகள் ஓவனுக்குள் போன பிறகு உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்குவதால்தான். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். வெளியிலேயே உருகிவிட்டால் அந்த வேலை நடக்காது. அன்று வந்தது கடினமான உருண்டைகள். இப்போதெல்லாம் கறியை முந்தின இரவே வதக்கிப் பிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். குளிர்ந்த கறியில் மிச்சக் கொழுப்பும் உறைந்திருக்கும், கையாளச் சுகம்.

சீஸ்

நன்றாக உருக வேண்டும், ஆனால் தண்ணீராய் ஓடக் கூடாது. நடுத்தரமாகப் பழுத்த செடார் என் முதல் தேர்வு. ரொம்பப் பழுத்த செடாருக்கு ருசி அதிகம், ஆனால் சூட்டில் எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரியும். மொசரெல்லா வேண்டுமென்றால் பீட்சாவுக்குப் போடும் ஈரம் குறைந்த கட்டியை வாங்குங்கள்; உப்பு நீரில் மிதக்கும் வெள்ளை உருண்டை இங்கே உதவாது. ஹாமுக்கு கிருயேர் என்ற சுவிஸ் சீஸ் அருமை, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

பதப்படுத்திய சீஸ் துண்டுகளை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 1916-இல் ஜேம்ஸ் கிராஃப்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய காலம் முதல் அந்த வகை சீஸின் நோக்கம் நீண்ட நாள் கெடாமல் இருப்பது. பின்னால் சேர்ந்துகொண்ட குழம்பாக்கும் உப்புகளால் அது எண்ணெய் பிரியாமல் வழுவழுப்பாக உருகும். கொத்துக்கறியோடு அதில் அரைத் துண்டு மடித்து வைத்தால் உள்ளே சாஸ் ஊற்றியது போல இருக்கும். சாஸ் இல்லாத குறை தீரும்.

சீஸைத் துருவாதீர்கள். ஒன்றரை சென்டிமீட்டர் கட்டியாக நறுக்குங்கள். துருவல் ஓவனில் போன சில நிமிடத்திலேயே உருகி ஓட்டை தேடும். அந்நேரம் மாவு இன்னும் இறுகியிருக்காது. கட்டி மெதுவாக உருகும். அது இளகுவதற்குள் மாவுச்சுவர் வெந்து நிற்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டுத் தட்டுகள் ஆயின. மாவுக்குள் வைக்குமுன் சீஸ் கட்டிகளைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லது. பாக்கெட்டில் துருவி வரும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அதனால் அது சீராக உருகாது. அதையும் தவிர்த்துவிடுங்கள்.

மாவு

மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. குளிர்ந்த வெண்ணெய் 115 கிராம். குளிர்ந்த பட்டர்மில்க் 200 முதல் 220 மில்லி. பட்டர்மில்க் என்று இங்கே சொல்வது புளிக்கவைத்த கெட்டிப் பாலை. தண்ணீர் ஊற்றிக் கடைந்த மோர் போட்டால் மாவு கையோடு வந்துவிடும். கிடைக்கவில்லையா? கெட்டித் தயிர் 3 பங்கு, பால் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். அல்லது ஒரு கப் பாலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு 10 நிமிடம் வைத்துத் திரிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சற்று நீர்த்தே இருக்கும் என்பதால் 180 மில்லியில் தொடங்குங்கள். புளிப்பு வேண்டியது ருசிக்கு மட்டுமில்லை. அந்த அமிலம் சோடாவோடு சேர்ந்தால்தான் மாவை உப்பவைக்கும் வாயு வரும்.

மைதாவில் புரதம் குறைவாக இருந்தால் பிஸ்கட் மென்மையாக வரும். அமெரிக்கத் தென் மாநிலங்களின் பிஸ்கட் மென்கோதுமை மாவால் பேர் வாங்கியது, அதில் புரதம் 8, 9 சதவீதம்தான். ஆனால் அடைத்த பிஸ்கட்டுக்கு மாவு கொஞ்சம் இழுபட வேண்டியிருப்பதால் சாதாரண மைதாவே நன்றாக நிற்கிறது. ரொட்டிக்கென்று விற்கும் மாவு மட்டும் வேண்டாம், அது ரப்பராகும்.

பொடிகளை எல்லாம் கலந்து, வெண்ணெயைச் சிறு கட்டிகளாக நறுக்கிப் போட்டு, விரல் நுனியால் நசுக்குங்கள். உள்ளங்கை படக் கூடாது, அதன் சூடு அதிகம். பட்டாணி அளவுத் துணுக்குகள் ஆங்காங்கே தெரியும் பதத்தில் நிறுத்துங்கள். எனக்குக் கை சூடு ஜாஸ்தி. வெண்ணெயை உறையவைத்துக் கேரட் துருவியில் துருவிப் போட்டுவிடுகிறேன். பட்டர்மில்க்கை ஊற்றி முள்கரண்டியால் கிளறுங்கள். உலர்ந்த மாவு கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை. பலகையில் கொட்டி, கையால் சேர்த்துத் தட்டி, செவ்வகமாக்கி, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்து, மறுபடி தட்டி, இன்னொரு முறை மடியுங்கள். இரண்டு மடிப்போடு போதும். வெறும் பிஸ்கட்டுக்கு மூன்று நான்கு மடிப்புகள் போடுவார்கள். அடைக்கும்போது அவ்வளவு ஏடு இருந்தால் மூடும் இடத்தில் பிரிந்துகொள்ளும். பிசைய வேண்டாம். பிசைந்தால் மாவு இறுகி, பரப்பப் பரப்பப் பின்னுக்குச் சுருங்கும்.

மடித்த மாவைத் தட்டில் வைத்து மூடி 20 நிமிடம் பிரிட்ஜில் விடுங்கள். அந்த நேரத்தில் ஓவனை 200 டிகிரிக்குச் சூடேற்றலாம்.

அடைப்பது

மாவு மொத்தம் 630, 640 கிராம் வரும். 8 பங்காக வெட்டினால் ஒவ்வொன்றும் 80 கிராம். ஒரு துண்டை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மற்றதை மறுபடி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

துண்டைக் கையால் தட்டி 12 சென்டிமீட்டர் வட்டமாக்குங்கள். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கக் கூடாது. நடு தடிமனாக, ஓரம் மெல்லிசாக. ஏனென்றால் ஓரங்கள் எல்லாம் வந்து ஒரே இடத்தில் சேரும். அவை தடிமனாக இருந்தால் சேரும் இடத்தில் முண்டு கட்டி உள்ளே வேகாமல் போகும். கட்டையால் உருட்டுவதானால் ஓரங்களில் மட்டும் உருட்டுங்கள்.

நடுவில் முதலில் இறைச்சி. அதன் மேல் சீஸ் கட்டிகள். அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் இறைச்சி. சீஸ் எந்தப் பக்கமும் மாவை நேராகத் தொடக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். இறைச்சிதான் அதற்கு வேலி. ஹாமாக இருந்தால் தாளில் சீஸைப் பொட்டலமாக மடித்து அப்படியே வைத்துவிடுவேன், இதைவிடச் சுலபமான வேலி கிடையாது. மாவின் ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் சுத்தமாக இருக்கட்டும். அங்கே எண்ணெயோ கறித்துணுக்கோ பட்டுவிட்டால் மாவு மாவோடு ஒட்டாது.

இப்போது ஓரத்தை இரண்டு கையாலும் சிறிது சிறிதாகத் தூக்கி, சுருக்குப்பையின் வாயை இழுப்பது போல நடுவுக்குக் கொண்டுவந்து சேருங்கள். சேர்ந்த இடத்தைக் கிள்ளி, லேசாக முறுக்கி, அழுத்துங்கள். உலர்ந்து போயிருந்தால் விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு தடவு தடவலாம். ஒரு தடவுதான், அதிகம் போனால் வழுக்கும். பிறகு குப்புறக் கவிழ்த்து, மூட்டு அடியில் இருக்கும்படி தட்டில் வைத்து, மேலே உள்ளங்கையால் மெல்ல அமுக்குங்கள். உருண்டையாக நிற்காமல் தடித்த வில்லையாக, 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் சீராக வேகும். கையில் பிடிக்கவும் தோது.

தட்டில் பேக்கிங் காகிதம் விரித்திருக்க வேண்டும். இரண்டுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. வெறும் பிஸ்கட்டை ஒன்றோடொன்று ஒட்டி வைத்தால் உயரமாக எழும்பும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அடைத்ததை ஒட்டி வைத்தால் பிரிக்கும்போது பக்கம் கிழிந்து சீஸ் கொட்டும்.

எல்லாம் வைத்து முடித்ததும் தட்டோடு 15 நிமிடம் பிரிட்ஜில் வைத்து மறுபடி இறுகவிடுங்கள். பிறகு ஒரு முட்டையை ஒரு கரண்டி பாலோடு அடித்து மேலே தடவுங்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் கத்தி முனையால் ஒரு சென்டிமீட்டர் கீறல். ஆவி போக இது நாமே விடும் வாசல். இல்லாவிட்டால் அது தானே ஒன்று வைத்துக்கொள்ளும்.

என் மனைவி சைவம். அவளுக்கு இரண்டு எப்போதும் தனியாக, காளான் வைத்து. காளானையும் கொத்துக்கறி மாதிரியே ஈரம் முழுக்கப் போக வதக்க வேண்டும். இன்னும் சொன்னால் அதைவிட அதிக நேரம், காளான் அவ்வளவு நீர் விடும். சுட்ட பிறகு எது எதென்று வெளியில் தெரியாது. அதனால் அவளுடையவற்றின் தலையில் எள் தூவிவிடுவேன்.

சுடுவது

200 டிகிரியில் 18 முதல் 22 நிமிடம். தட்டு ஓவனின் நடு அடுக்குக்கு ஒரு படி கீழே இருக்கட்டும். அடிப்பக்கம்தான் மெதுவாக வேகும், மூட்டும் ஈரமும் அங்கேதான். மெல்லிய உலோகத் தட்டு வேண்டும். ஒருமுறை கனமான கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்தேன். கண்ணாடி சூடேற நேரமெடுத்ததில் மேலே பொன்னிறம், கீழே பச்சை மாவு. மேலே நல்ல பழுப்பு வந்திருக்க வேண்டும், தூக்கிப் பார்த்தால் அடியும் பழுத்திருக்க வேண்டும். வெளிறிய மஞ்சளில் எடுத்துவிடாதீர்கள். வெப்பமானி இருந்தால் மாவுப் பகுதியில் குத்திப் பாருங்கள், 93 டிகிரி தாண்டியிருந்தால் வெந்துவிட்டது.

ஓவனின் முள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். என்னுடையது 200 என்று காட்டும்போது உள்ளே 185தான் இருக்கிறது. உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதுவரை மாவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஏர் ஃப்ரையரில் 165 டிகிரியில் 12 நிமிடம் அளவில் ஆகும், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். மேல்பக்கம் வேகமாகக் கருகும் என்பதால் வெப்பத்தை ஏற்ற வேண்டாம். கூடையில் நான்குக்கு மேல் வைக்காதீர்கள்.

எடுத்ததும் கம்பி வலையில் வைத்து 10 நிமிடம் ஆறவிடுங்கள். தட்டிலேயே விட்டால் அடியில் வியர்க்கும். உடனே கடித்தால் உருகிய சீஸ் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு தோலை எடுத்துவிடும். என்னைப் போல 3 நாள் ருசி தெரியாமல் அலைய வேண்டாம்.

நேரமில்லாதவர்களுக்கு டப்பா மாவு

மாவெல்லாம் யார் கலப்பது என்றால் அதற்கும் வழி உண்டு. அட்டைக் குழாயில் அடைத்துக் குளிர்பெட்டியில் விற்கும் பச்சை பிஸ்கட் மாவு. கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் ரொட்டிக்கடை வைத்திருந்த லைவ்லி வில்லபி இதற்கு 1931-இல் காப்புரிமை பெற்றார். பாலார்ட் என்ற மாவு நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1951-இல் அந்த நிறுவனத்தையே பில்ஸ்பரி வாங்கியது. குழாயின் காகிதத்தை உரித்து, மூட்டில் கரண்டியால் அழுத்தினால் 'டப்' என்று வெடித்துத் திறக்கும். உள்ளே மாவு விட்ட வாயுவின் அழுத்தம் அது. முதல் தடவை நான் பின்னால் குதித்தேன்.

பெரிய வகைக் குழாயில் 8 வில்லைகள் இருக்கும், ஒவ்வொன்றும் 60 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதனால் உள்ளே வைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சி 15 கிராம், சீஸ் 10 கிராம். வாங்கும்போது ஏடு ஏடாகப் பிரியும் வகையா, சாதாரண வகையா என்று லேபிளைப் பாருங்கள். சாதாரண வகையை மேலே சொன்னபடி தட்டிப் பரப்பி மூடலாம். ஏட்டு வகையை இழுத்து மூடப்போனால் ஏடுகள் கழன்று கையில் வரும். அதற்கு வேறு வழி: வில்லையைப் பக்கவாட்டில் இரண்டாக உரித்து, கீழ்த் தகட்டில் இறைச்சியும் சீஸும் வைத்து, மேல் தகட்டால் மூடி, ஓரத்தைச் சுற்றிலும் முள்கரண்டியால் அழுத்துங்கள். குழாயின் மேல் போட்டிருக்கும் வெப்பத்தையே வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் 350 பாரன்ஹீட், அதாவது 177 டிகிரி. உள்ளே அடைத்திருப்பதால் அவர்கள் சொன்னதைவிட 3, 4 நிமிடம் கூடுதலாக விட வேண்டும். இதில் உப்பு ஏற்கெனவே அதிகம். ஹாமிலும் உப்பு, சீஸிலும் உப்பு. வேறு உப்பு எதிலும் சேர்க்காதீர்கள்.

ருசியில் கையால் கலந்த மாவுதான். ஆனால் புதன்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு நான் குழாயைத்தான் திறக்கிறேன்.

எடுத்து வைப்பது

இறைச்சி இருப்பதால் சுட்டதை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பிரிட்ஜில் 3, 4 நாள் இருக்கும். ஃப்ரீசரில் வைப்பதாக இருந்தால் சுடாமலேயே வைப்பது எனக்குப் பிடித்த வழி. மூடிய உருண்டைகளைத் தட்டில் ஒட்டாமல் வைத்து உறையவிட்டு, கல்லாக ஆனதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஒரு மாதம் வரை ருசி குறையாது. சுடும்போது உருக வைக்காமல், உறைந்தபடியே 190 டிகிரியில் 28 முதல் 30 நிமிடம். உருகவிட்டால் வெண்ணெயும் இளகி, மூட்டில் ஈரமும் கோத்து, முதல் நாள் பட்ட பாடெல்லாம் வீண்.

மறுநாள் சூடாக்க மைக்ரோவேவ் மட்டும் போதாது. மாவு தோலாகிவிடும். காகிதத்தில் சுற்றி 30 நொடி மைக்ரோவேவ், அப்புறம் 160 டிகிரி ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ 5 நிமிடம். நடு சூடாகும், மேல்பக்கமும் மொறுமொறுப்பாகும். காருக்கு எடுத்துப்போவதென்றால் உடனே டப்பாவில் போட்டு மூடாதீர்கள். ஆவி உள்ளேயே நின்று ஊறும். காகிதத்தில் சுற்றி, அதன் மேல் துணி சுற்றினால் 20 நிமிடத்துக்குச் சூடு நிற்கும். எங்களுக்குத் தேவையும் அவ்வளவுதான்.

போன வாரம் இருட்டில் எள் போட்டதை மகளின் பையில் வைத்துவிட்டேன். அவள் பாதி தின்ற பிறகுதான் உள்ளே பார்த்தாளாம். மனைவி தன் பங்கில் இருந்த ஹாமைக் கடிப்பதற்குள் மோந்து பார்த்துத் தப்பித்தாள். இப்போது எள்ளோடு சேர்த்துக் காகிதத்திலும் பேனாவால் பெயர் எழுதிவிடுகிறேன்.